பன்னெண்டு பர்சென்ட்டுன்னா ஒரு வட்டிதானே டீச்சர்?

காரைக்குடிப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். போன வருடம் ஏழாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்தினேன். வங்கியில் 10,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், ஒரு வருட வட்டி எவ்வளவு? சூத்திரத்தைப் போர்டில் எழுதி மூன்று நாள் மாரடித்தும் பாதிப் பேருக்கு ஏறவில்லை. நான்காம் நாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "பன்னெண்டு பர்சென்ட்டுன்னா ஒரு வட்டிதானே டீச்சர்?"

எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதுதான் ஒரு வட்டி. வருடத்துக்குப் பன்னிரண்டு. சரியாகத்தான் சொன்னான். ரெண்டு வட்டி, மூணு வட்டி என்பதெல்லாம் வீட்டு வாசலில் தினமும் அவன் காதில் விழுகிற பேச்சு. அப்புறம் சூத்திரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூணு வட்டிக்கு வாங்கினால் அதே பத்தாயிரத்துக்கு வருடம் 3,600 என்று மனக்கணக்காகவே சொன்னார்கள்.

பர்மா, மலாயா வரை போய் வட்டிக்கடை வைத்தவர்களின் சீமை இது. இங்கே ஒரு பிள்ளைக்கு வட்டிக் கணக்கைப் புரியவைக்க முடியாமல் மூன்று நாள் முழித்திருக்கிறேன்! வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளையின் வீடு, ஊர், பேச்சிலிருந்தே பாடம் நடத்தும் பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல் என்று பேச்சு எடுத்தாலே, கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான், செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் தேக்குத் தூண் முன்னால் ஒரு குரூப் போட்டோ என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படிக் கட்டிக்கொண்டு நின்றவள்தான். ஆனால் என் வகுப்பில் பலருக்கு அந்தப் பெரிய வீடு என்பது அப்பா வெள்ளையடிக்கப் போகும் இடம், அம்மா கூட்டிப் பெருக்கப் போகும் இடம். வீட்டின் பெருமையை மட்டும் பேசுகிற பாடத்தில் அவர்கள் எங்கே நிற்பார்கள்?

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்த ஆசிரியர்களைக் கூர்ந்து கவனித்த கல்வி ஆய்வாளர் குளோரியா லேட்சன்-பில்லிங்ஸ், 1995இல் மூன்று விஷயங்களைக் கேட்டார். பிள்ளைக்குப் படிப்பு ஏற வேண்டும். அதற்காகத் தன் பண்பாட்டைக் கழற்றி வைக்கக் கூடாது. சுற்றி நடப்பதைக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். மூன்றாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

என் வகுப்பில் அது தானாகவே வந்தது. "பேங்க்ல ஒரு வட்டிக்குக் குடுக்குறாங்கன்னா எங்கம்மா எதுக்கு டீச்சர் மூணு வட்டிக்கு வாங்குறாங்க?" அந்தப் பாடவேளை முழுக்க அடமானம், ஜாமீன், பேங்க் வாசலில் வரும் கூச்சம் எல்லாம் பேசினோம். 2003இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சொன்னேன். மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே அதில் போட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு இல்லாத கூச்சம் என் போர்டுக்கு எதற்கு?

அன்று ஒரு பெண் பிள்ளை மட்டும் தலையே தூக்கவில்லை. வீட்டில் என்ன நிலைமையோ, நான் கேட்கவில்லை. அதிலிருந்து என் கணக்குகளில் கடன் வாங்குவது எப்போதும் நான்தான். 'டீச்சர் வளையலை அடகு வைத்தார்' என்று ஆரம்பித்தால் வகுப்பே சிரிக்கும். இப்போது அவளும் சிரிக்கிறாள்.

இதையெல்லாம் சொன்னபோது எங்கள் சார் ஒருவர், "வீட்டுத் தொழிலை வகுப்புக்குள்ள கொண்டாந்தா அது குலக்கல்விதானே டீச்சர்" என்றார். நியாயமான பயம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. கடும் எதிர்ப்பு. அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பியது. நான் கேட்பது அதற்குத் தலைகீழ். ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறவரின் மகளுக்குச் சமச்சீர் அந்த டைல்ஸ் பூவில் தொடங்கட்டும். பிறகு அவள் டாக்டராகி டைல்ஸ் பக்கமே திரும்பாமல் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தப் பாடம் அடுத்த மாதம். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு எடுப்பதைச் செய்து காட்ட ஒரு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைய கூலியை நான் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கப் பழைய டைல்ஸ் நாலைந்து வேண்டும், ஓரம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. யார் வீட்டிலாவது தரை மாற்றினால் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.