சிட்டுக்குருவியை விரட்டியது செல்போன் டவரா?

"செல்போன் டவர் கதிர்வீச்சால் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. இது உண்மையல்ல. 'இந்தியப் பறவைகளின் நிலை 2020' அறிக்கையின்படி, நாடு முழுவதும் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாகக் குருவிகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை.

குருவி தானியம் தின்னும், சரி. ஆனால் பொரித்த குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். வயலிலும் தோட்டத்திலும் பூச்சிமருந்தை அடித்துத் தீர்த்தால் குஞ்சுக்கு இரை ஏது? ஓட்டு வீட்டு இடுக்கும் வேலிப் புதரும் போய்விட்டால் கூடு எங்கே கட்டும்? டவரையே திட்டிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாமலே போகிறது.

அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.