சார்ஜ், சார்ஜ், சார்ஜ்! எந்த சார்ஜ் என்று சொல்லித் தொலையுங்கள்

திருகோணமலைத் திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆங்கிலத்தில் எது வந்தாலும் அது முதலில் என் வீட்டுப் படலையைத்தான் தட்டும். வங்கிக் கடிதம், போன் கம்பனிக் குறுஞ்செய்தி, கிளினிக் கொப்பி, வெளிநாட்டு விசாப் படிவம் எல்லாம். வாசித்துச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த ‘சார்ஜ்’ என்ற சொல் இருக்கிறதே, அதைக் கண்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டு மாமியின் மகன் ஓட்டோ ஓடுகிறான். சந்தியில் பொலிஸ் அவனை மறித்து லைசென்ஸ் பார்த்த அதே கிழமையில் மாமியின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு செய்தி. முழுவதும் ஆங்கிலம். அதில் மாமிக்குத் தெரிந்த ஒரே சொல் ‘சார்ஜ்ட்’. மத்தியானச் சோறு அப்படியே கிடக்க ஓடி வந்தார். “பிள்ளை, பெடியனுக்குக் கேஸ் போட்டுட்டாங்களோ?” வாங்கிப் பார்த்தால், கணக்கிலிருந்து ஏதோ காசு கழித்திருக்கிறார்கள். எதற்கு என்று ஒரு சொல் இல்லை.

சரி, கேட்டு விடுவோம் என்று வங்கிக்கு போன் போட்டேன். அரைவாசி நேரம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு தம்பி வந்தார்.

“நோர்மல் சார்ஜஸ்தான் மிஸ்.”

“எதுக்கு?”

“சேவிஸ் சார்ஜ்.”

“எந்தச் சேவைக்குத் தம்பி?”

“அதுக்கு இன்சார்ஜ் ஆள் இண்டைக்கு லீவு மிஸ்.”

மூன்று பதில், மூன்று சார்ஜ், விளக்கம் பூச்சியம். கடைசியில் அது ஏடிஎம் அட்டையின் ஆண்டுக் கட்டணம் என்று தெரியவர இரண்டு நாள் போனது. மாமி அந்த அட்டையைப் பாவிப்பதே இல்லை என்பது வேறு கதை.

மாமி பயந்ததில் என்ன பிழை? எங்கள் ஊரில் ஒருவர் வந்து “அவனைப் பொலிஸ் சார்ஜ் பண்ணிட்டுது” என்று சொன்னால் அது தண்டப்பணமாக இருக்கலாம், நீதிமன்றத்தில் குற்றம் சுமத்தியதாக இருக்கலாம், கூட்டத்துக்குள் நின்று தடியடி வாங்கியதாகவும் இருக்கலாம். பெற்ற தாய் காசை எடுத்துக்கொண்டு ஓடுவதா, லோயரைப் பிடிப்பதா, நல்லெண்ணெய் காய்ச்சுவதா? இதைப்பற்றி விசாரிக்கப் பொலிஸுக்குப் போனால் அங்கே பொறுப்பாக இருப்பவரின் பதவியே ஓ.ஐ.சி., அதாவது ‘ஒஃபிசர் இன் சார்ஜ்’. அந்த ‘சி’யும் சார்ஜ்தான்.

ஆஸ்பத்திரிக் கதை இதைவிட மோசம். சித்திக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து வார்ட்டில் வைத்திருந்தார்கள். இளம் டொக்டர் ஒருவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும், நல்ல பிள்ளை. கட்டிலடியில் நின்று, “அம்மா, டிஸ்சார்ஜ் இருக்கா?” என்றார். சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. “ஓம் மகன், நாளைக்கு எண்டு நர்ஸ் சொன்னவ!” அவர் கேட்டது புண்ணிலிருந்து நீர், சீழ் ஏதும் வடிகிறதா என்று. சித்தி சொன்னது வீட்டுக்குப் போவதை. நல்ல காலம், மருந்து கட்ட வந்த நர்ஸ் துணியைப் பிரித்துப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்புவதற்கு நம்மிடம் ‘துண்டு வெட்டுறது’ என்று எவ்வளவு துலக்கமான பேச்சு இருக்கிறது! துண்டு வெட்டியாச்சா என்று கேட்டால் எந்தச் சித்தியும் தன் புண்ணைக் காட்டமாட்டார்.

இதற்காக நான் ஆங்கிலத்தைத் திட்டவில்லை. அந்தச் சொல்லின் கதை உண்மையில் அழகான கதை. லத்தீனில் வண்டிக்குக் ‘காருஸ்’ என்று பெயர். அதில் சாமான் ஏற்றுவதிலிருந்து பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததுதான் சார்ஜ். நம்முடைய காரும் கார்கோவும் அதே குடும்பம். ஒருவர் தலையில் வேலையை ஏற்றினாலும், கடனை ஏற்றினாலும், குற்றத்தை ஏற்றினாலும் அது சார்ஜ். எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டையில் வெள்ளைக்காரன் பீரங்கிக்குள் வெடிமருந்தை ஏற்றியபோது அந்த மருந்துக்கும் அதே பெயர். 1740களில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் கண்ணாடிச் சாடிகளுக்குள் மின்சாரத்தை ஏற்றி விளையாடியபோதும் அதே சொல்லைத்தான் எடுத்தார். மின்சாரம் ஏற்றிய கண்ணாடித் தகடுகளை வரிசையாக அடுக்கியதற்கு அவர் வைத்த ‘பெற்றரி’ என்ற பெயரும் பீரங்கி வரிசையின் பெயர்தான். அதனால்தான் இன்றைக்கு என் போன் பெற்றரிக்கு சார்ஜ் இல்லை.

தமிழிலும் இதே பாரம்தானே? குற்றத்தைச் ‘சுமத்து’கிறோம். ‘பொறுப்பு’ என்பது பொறுப்பதிலிருந்து வந்தது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மின்னுக்கு ‘ஏற்றம்’ என்று படித்தோம். ஆனால் நாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டோம். ஆங்கிலக்காரர் அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கும் சின்னச் சொற்களிடம் விட்டுவிட்டார்கள். ‘வித்’ வந்தால் குற்றம் அல்லது கடமை, ‘ஃபோர்’ வந்தால் காசு. ‘இன் சார்ஜ் ஒஃப்’ என்றால் பார்த்துக்கொள்பவர். நடுவில் ஒரு ‘த’ போட்டு ‘இன் த சார்ஜ் ஒஃப்’ என்றால் பார்த்துக்கொள்ளப்படுபவர். பிறந்ததிலிருந்து பேசுகிறவனுக்கு அது காதில் விழும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தச் சின்னச் சொற்களை எல்லாம் உதறிவிட்டு மொட்டைச் சார்ஜை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தெரியாமல் செய்தால் பரவாயில்லை. வங்கிகளும் கம்பனிகளும் செய்வது தெரிந்துதான். ‘கட்டணம்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி “எதற்குக் கட்டணம்?” என்று வரும். ‘சார்ஜஸ்’ என்று போட்டுவிட்டால் மழை பெய்தது மாதிரி, தானாக நடந்த விஷயமாகிவிடுகிறது.

1987இல் இலங்கை அரசியல் யாப்புக்கு 13ஆம் திருத்தம் வந்தபோதே தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதியாகிவிட்டது. இணைப்பு மொழியாம்! மாமியை அது யாரோடு இணைத்தது? “அக்கா, அது அரசாங்கத்துக்குத்தான், தனியாருக்கில்லை” என்று ஒரு தம்பி எனக்குச் சட்டம் படிப்பிக்க வந்தார். சரி, சட்டத்தை விடுங்கள். பொங்கலுக்குக் கோலம் போட்டு, ‘உங்கள் கனவுகளுக்குத் துணை’ என்று பதாகை கட்டி, எங்கள் காசைத் தமிழில் வாங்க வங்கிகளுக்குத் தெரிகிறது. எடுக்கும்போது மட்டும் தமிழ் வராதா?

இலத்திரனைக் கண்ணால் கண்டவர் கிடையாது. அதன் ஏற்றத்தின் பெறுமானத்தை 2019இல் துல்லியமாக இவ்வளவுதான் என்று உலகம் முழுக்க நிர்ணயித்து முடித்துவிட்டார்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரொட்டியும் கறியும் தின்றுவிட்டு என்ன சார்ஜ் வரும் என்று யாராவது நிர்ணயித்துக் காட்டட்டும் பார்ப்போம். மெனுவில் ஒரு விலை, பில்லில் சேவிஸ் சார்ஜ், அதன் கீழே ‘அதர் சார்ஜஸ்’. அது என்ன அதர்? கேட்டேன். பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “அது எல்லாருக்கும் போடுறதுதான்” என்றான்.

இனி யார் போனை நீட்டினாலும் வாசித்துச் சொல்லப் போவதில்லை. அங்கேயே அந்த இலக்கத்துக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மாமியின் கையில் கொடுத்துவிடுவேன். “எதுக்கடா தம்பி எடுத்தனீ?” என்று மாமி கேட்கட்டும். அவருக்கு நேரம் இருக்கிறது, குரலும் இருக்கிறது.