மெழுகு பொம்மையா?
அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோட சவப்பெட்டி போட்டோல மூக்கு வேற மாதிரி இருக்கு, அதனால அது அவரோட உடம்பு இல்ல, மெழுகு பொம்மைன்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, இத என்னால ஒத்துக்க முடியல, எங்க தாத்தா தவறினப்ப ஒரு நாள் ஃப்ரீசர் பாக்ஸ்ல வச்சிருந்தோம், மறுநாள் பாத்தா மூக்கு கூராகி கன்னம் ஒட்டிப்போய் எனக்கே யாரோ மாதிரி தெரிஞ்சாரு. எல்விஸுக்கு எம்பாமிங் (உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்துறது) வேற பண்ணியிருந்தாங்க, போட்டோவும் சொந்தக்காரர் ஒருத்தர் திருட்டுத்தனமா எடுத்தது, அதத்தான் 1977 செப்டம்பர்ல நேஷனல் என்கொயரர்ங்கற அமெரிக்க கிசுகிசு பத்திரிகை அட்டைலயே போட்டான், அதுல என்ன தெளிவு இருக்கும்? ஆகஸ்ட் 17 அன்னிக்கு அவரோட கிரேஸ்லேண்ட் வீட்டுல ஆயிரக்கணக்கான ஜனங்க கியூல நின்னு நேர்லயே பாத்தாங்களே, அவ்ளோ பேரும் பொம்மையப் பாத்தா அழுதாங்க? மேல கமெண்ட்ல ஒருத்தர் அவரோட கிருதா ஒட்டு வச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாரு, இருக்கட்டுமே, மேக்கப் போடுறவங்க அதையும் தான் சரி பண்ணுவாங்க.