வண்டிக்குள்ள ரெண்டு பிள்ளைகள் இருந்துச்சு அண்ணாச்சி

ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டை மாடியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடுத கதை விளையாட்டு) ஆடுனப்ப நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். முழுசா எழுதப்போறதில்ல. கதையில வைக்கோல் வண்டிக்குள்ள ரெண்டு பிள்ளைகள் ஒளிஞ்சிருக்கு. கோட்டை வாசல்ல காவக்காரன் "உள்ள யாரு?"ன்னு கேக்கான். நாலாம் லெவல் பாலடின் (சத்தியம் எடுத்த புனித வீரன், புதுசா வந்த பையன் ஆடுத கேரக்டர்) "யாருமில்ல, வைக்கோல்தான்"ங்கான். உடனே ஆட்டத்தை நடத்துத டிஎம் அண்ணாச்சி அவன் கேரக்டர் ஷீட்டை வாங்கி, அலைன்மென்ட் இடத்துல இருந்த லாஃபுல் குட்டை (நெறியில நிக்க நல்லவன்) அடிச்சிட்டு நியூட்ரல்னு (நடுநிலை) எழுதுதாங்க. ஸ்மைட் (தெய்வ சக்தியோட அடிக்கது) கிடையாது, லே ஆன் ஹேண்ட்ஸ் (கையை வச்சுக் காயம் ஆத்துதது) கிடையாது, ஸ்பெல்லும் (மந்திரம்) கிடையாதுன்னு தீர்ப்பு.

பையன் ஒரு வார்த்தை பேசல. டைஸை அள்ளிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டான். அது எனக்குப் பொறுக்கல, அதான் எழுதுதேன்.

அலைன்மென்ட்ங்கிறது ஒரு கேரக்டர் பொதுவா எப்படி நடந்துக்கிடுவான்னு சொல்லுத குறிப்பு. அதைக் கயிறாக்கி ஆளைக் கட்டிப்போடக் கூடாது. நாம ஆடுதது அஞ்சாம் எடிஷன், 2014 புத்தகம். லாஃபுல் குட்டுக்கு அதுல இருக்கது ஒரே வரி: சமூகம் எதிர்பார்க்கிற நல்லதைச் செய்வாங்கன்னு நம்பலாம், அவ்வளவுதான். கூடவே, தன் அலைன்மென்ட்டுக்குத் தப்பாம எப்பவும் நடக்கவங்க ரொம்பக் கொஞ்சம்னும் அதே பகுதியில எழுதியிருக்கு. ஒரு பொய்யில லாஃபுல் குட் அழிஞ்சிரும்னு எங்க எழுதியிருக்கு? நான் தேடுனேன், இல்ல.

இன்னும் சொல்லுதேன். இந்த எடிஷன்ல பாலடின் லாஃபுல் குட்டா இருக்கணும்ங்கிற கட்டாயமே கிடையாது. அவன் சக்தி வாரது மூணாம் லெவல்ல எடுக்க சத்தியத்தைச் சார்ந்து. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் ஸ்பெல்கூட அலைன்மென்ட்டைப் பாக்காது. 30 அடிக்குள்ள அபரேஷன், செலஸ்டியல், எலிமென்டல், ஃபே, ஃபீன்ட், அன்டெட் இந்த ஆறு வகை அமானுஷ்யப் பிறவி இருக்கான்னுதான் பாக்கும். கொலைகாரன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருந்தாலும் அவன் மனுசன்னா அந்த ஸ்பெல்லுக்குத் தெரியாது. அலைன்மென்ட் கணக்குக்கு வார இடங்கள் ரொம்பச் சொற்பம். சில மந்திரப் பொருள்கள், அப்புறம் ராட்சசன் மாதிரி ஒண்ணு ரெண்டு மான்ஸ்டர். நல்லவன் கையில இருக்க மந்திர ஆயுதம் குத்துனா ராட்சசனுக்கு ரெட்டிப்பா அடி விழும். இதை வச்சா ஒருத்தனோட மொத்தப் பவரையும் பிடுங்குதது?

"அவன் எடுத்தது டிவோஷன் சத்தியம், பொய் சொல்லாதேன்னு அதுலயே இருக்கே"ன்னு கமெண்ட்ல வருவீங்க. இருக்கு. ஒத்துக்கிடுதேன். அதே சத்தியத்துல எளியவங்களைக் காப்பாத்துன்னும் இருக்கு. ரெண்டும் ஒரே வாசல்ல மோதுனா ஒண்ணு உடையத்தான் செய்யும். உடைஞ்சா என்ன செய்யணும்னும் புத்தகத்துலயே இருக்கு. தன் மதத்துக் கிளெரிக் (பூசாரி மாதிரி ஆளு) கிட்டயோ அதே அமைப்புல உள்ள இன்னொரு பாலடின்கிட்டயோ போய் மன்னிப்புக் கேக்கணும், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஜெபிக்கலாம், விரதம் இருக்கலாம். மன்னிப்புச் சடங்கு முடிஞ்சா புதுசாத் தொடங்கலாம். வேணும்னே மீறி, வருத்தமே படாதவனுக்குத்தான் கேரக்டரோட வகுப்பை மாத்துதது, ஓத்பிரேக்கர் (சத்தியத்தை முறிச்ச பாலடின்) ஆக்குததெல்லாம். அதுவும் டிஎம் விருப்பம்தான், கட்டாயம் இல்ல. இந்தப் பையன் வருத்தப்பட்டானா இல்லையான்னு யாராவது கேட்டீங்களா?

"பழைய எடிஷன்ல இப்படித்தான்"னு இன்னொரு பேச்சு. 1974-ல வந்த முதல் எடிஷன்ல அலைன்மென்ட் மூணே மூணுதான்: லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (குழப்பம்). போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் கதைகள்ல இருந்து வந்த எண்ணம் அது, குணத்தைவிட எந்தப் பக்கம் நிக்கேங்கிறதுதான் அதுல பெருசு. லா-கேயாஸோட குட்-ஈவிலையும் (நல்லது-கெட்டது) சேத்து ஒம்பது கட்டம் முழுசா 1978 கையேட்டுல வந்துச்சு. அலைன்மென்ட் மாறுனா ஒரு லெவல் போயிரும்னு 1979 டிஎம் கையேட்டுல தண்டனை இருந்தது உண்மை. 2000-த்துல வந்த மூணாம் எடிஷன்லயும் பாலடின் பவரை இழப்பான். ஆனா அங்கயும் தெரிஞ்சே ஈவில் காரியம் செய்யணும், லாஃபுல் குட்டாவே இல்லாமப் போகணும், இல்லன்னா நெறியைப் படுமோசமா மீறணும். பிள்ளைகளைக் காப்பாத்தச் சொன்ன ஒரு பொய் படுமோசமா? அந்த எடிஷன்லயும் அட்டோன்மென்ட் ஸ்பெல்னு திரும்பி வர வழி வச்சிருந்தாங்க. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர்காரங்க 2023-ல அலைன்மென்ட்டையே தூக்கிட்டாங்க. நாம என்னடான்னா 1979 தண்டனையை 2014 ஷீட்டுல எழுதுதோம்.

லாஃபுல்னா அரசாங்கச் சட்டத்துக்குக் கட்டுப்படுததுன்னு நினைக்கதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். தனக்குன்னு ஒரு நெறி வச்சுக்கிட்டு அதுல நிக்கவனும் லாஃபுல்தான். நம்ம சீமையில பொறந்தவங்களுக்கு இது புரியாமப் போகலாமா? சுடலைமாடனை எந்தக் கட்டத்துல வைப்பீங்க? வில்லுப்பாட்டுல கேட்டிருப்பீங்க, விளக்குச் சுடர்ல பொறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்னதுக்காகக் கைலாசத்துல இருந்து அனுப்பப்பட்டவரு. கொடையில நடுச்சாமத்துல சாமி வேட்டைக்குக் கிளம்புனா எதுக்க வர ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல்னா துன்னூறு வாங்க ஓடுததும் அவருகிட்டதான். பிணம் தின்ன ஒத்தைக் காரியத்தைப் பாத்து ஈவில்னு எழுதிருவீங்களா? எழுத மாட்டீங்க. அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் ஒத்தைப் பொய்யில எழுதுனீங்க?

"விதி இல்லாட்டி கேயாட்டிக் நியூட்ரல் (எந்த நெறிக்கும் கட்டுப்படாதவன்)னு சொல்லிக்கிட்டு கூட வாரவன் பையிலயே கைவைப்பான்"ங்காங்க. அது ஆடுதவனோட பிரச்சினை. ஆட்டத்தை நிப்பாட்டி நேரா அவன்கிட்டப் பேசணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. பாலடின் வாயைத் திறந்ததும், "இது உன் சத்தியத்துக்கு எதிரானதுன்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லுதியா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். சொன்னான்னா நோட்டுல குறிச்சிக்கிடணும். நாலஞ்சு செஷன்ல இதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா, ஆட்டம் முடிஞ்ச பிறகு தனியாக் கூப்பிட்டு, "உன் ஆளு வேற பக்கம் போற மாதிரி இருக்கே, உனக்கும் அப்படித் தோணுதா?"ன்னு கேக்கணும். ஒத்துக்கிட்டா அவனே பென்சில்ல மாத்தி எழுதட்டும். ஷீட்டு அவனோடது. அதுல நாம கைவைக்கக் கூடாது.

நடுவுல பிடுங்குனா என்ன ஆகும்னும் யோசிங்க. நாலாம் லெவல்ல லே ஆன் ஹேண்ட்ஸ்ல காயம் ஆத்த 20 பாயின்ட் இருக்கு, மந்திரம் போடுத ஸ்பெல் ஸ்லாட் மூணு. அந்தக் குழுவுல கிளெரிக்கே கிடையாது. அடுத்த சண்டையில எவனாவது விழுந்தா எழுப்ப ஆள் இல்ல. தண்டனை ஒருத்தனுக்குன்னு நினைச்சு நாலு பேருக்கும் கொடுத்துட்டீங்க. அவன் முதல் தடவையா டேபிள்ல உக்காந்து, யாரும் சொல்லாமலே, பிள்ளைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன்னு ஆடுனான். பாலடின்னா வேற என்னன்னு நினைச்சீங்க?

அண்ணாச்சி, உங்க மேல மரியாதை இல்லாம இதை எழுதல. நம்ம டேபிளை இழுத்துப் பிடிச்சு நடத்துதது நீங்கதான், அதனாலதான் வலிக்கு. அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடுங்க. காவக்காரன் இன்னும் வாசல்லதான் நிக்கான், வண்டி இன்னும் உள்ள போகல. வார ஞாயித்துக்கிழமை அந்த எடத்துல இருந்தே தொடங்குங்க.