மூன்றே முக்கால் ஆண்டைக் காட்ட எத்தனை ஆண்டு?

1929 மே முதல் தேதியிலிருந்து 1933 ஜனவரி 30 வரை எவ்வளவு காலம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று ஆண்டு, ஒன்பது மாதம். ஜெர்மனியில் ஒரு குடியரசு ஆட்டம் கண்டு, வேலையில்லாதோர் தெருத்தெருவாக அலைந்து, ஹிட்லர் நாற்காலியில் ஏறி உட்கார அவ்வளவுதான் ஆனது. அந்தக் காலத்தை நமக்குக் காட்ட வந்த ‘பாபிலோன் பெர்லின்’ என்கிற ஜெர்மன் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் 2017 அக்டோபரில் தொடங்கியது. நான்காவது சீசன் 2022 அக்டோபரில் வந்தபோது கதை 1931-ஐத்தான் தொட்டிருந்தது. இரண்டு ஆண்டுக் கதையைச் சொல்ல ஐந்து ஆண்டு! அதற்குப் பிறகு இன்னும் ஒரு புதிய அத்தியாயத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. நன்றாக இல்லாத தொடர் என்றால் மறந்துவிட்டுப் போயிருப்பேன். இது அப்படிப்பட்டதா? பெர்லினின் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கும் காவல் தலைமையகம். அங்கே பகலில் அன்றாடக் கூலிக்குத் தட்டச்சு செய்து, இரவில் கேளிக்கை விடுதியில் உடம்பை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற சார்லோட்டே. கொலைப் பிரிவில் அதிகாரியாக வேண்டும் என்பது அவளுடைய கனவு. முதல் உலகப் போரில் நடுங்கத் தொடங்கிய உடம்பை மருந்துக் குப்பியால் அடக்கிக்கொண்டு, கொலோன் நகரிலிருந்து வந்து சேரும் போலீஸ் அதிகாரி கெரியோன் ராத். 1929 மே தின ஊர்வலத்தைத் தடை செய்து, மீறியவர்கள் மீதும் வீட்டுக்குள் இருந்தவர்கள் மீதும் போலீஸ் சுட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த நிஜப் படுகொலையை ஒரு துப்பறியும் கதையின் நடுவில் வைத்து, மாடத்தில் நின்ற பெண்கள் குண்டடிபட்டு விழுவதைக் காட்டினார்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களுக்குக் காத்திருப்பவர்களை மதிக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

இந்தத் தொடரை நான் அப்பாவோடு பார்த்தேன். அவர் வார இதழ்த் தொடர்கதைகளைக் கத்தரித்து, கோந்து ஒட்டி, பைண்டு செய்து வைத்துப் படித்த தலைமுறை. ‘தொடரும்’ என்று போட்டால் அடுத்த வாரம் தொடர்ந்தே தீரும் என்று நம்பி வளர்ந்தவர். இதழ் ஒரு நாள் தாமதமானால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். ஒவ்வொரு வாரமும் கதைக்கு மேலே ‘முன்கதைச் சுருக்கம்’ என்று பத்து வரி இருக்கும். ஏழு நாள் இடைவெளிக்கே வாசகன் மறந்துவிடுவானோ என்று கவலைப்பட்டுக் கொடுத்த பத்து வரி அது! இங்கே மூன்றாவது சீசனுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இரண்டே முக்கால் ஆண்டு ஓடிவிட்டது.

அந்த இடைவெளி என்ன செய்தது என்று கேளுங்கள். (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) நான்காவது சீசன் தொடங்குகிறது. 1930-இன் கடைசி இரவு. நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படை யூதர்களின் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு போகிறது. அந்தக் கூட்டத்தில், அதே பழுப்புச் சட்டையில், ராத்! அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவன் எப்போது அவர்களோடு சேர்ந்தான்? நாம் பார்த்தோமா?” என்றார். எனக்கும் தெரியவில்லை. இது இயக்குநர்கள் வேண்டுமென்றே போட்ட முடிச்சா, நாங்கள் மறந்துபோன ஏதோவொன்றா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெஞ்சு பதற வேண்டிய காட்சியில் நாங்கள் இரண்டு பேரும் ஞாபகத்தைத் துழாவிக்கொண்டிருந்தோம். ஓர் அருமையான தொடக்கம் எங்களுக்குப் பாழாய்ப் போனது.

கிரேட்டா என்கிற வேலைக்காரப் பெண்ணின் கதையும் அப்படித்தான். கம்யூனிஸ்ட் என்று நடித்து அவள் மனத்தைக் கவர்ந்தவன் கண்ணெதிரே சுடப்பட்டுச் செத்ததாக நாடகம் ஆட, அவள் அதை நம்பிப் பழிவாங்கப் போய்த் தான் வேலை செய்த வீட்டிலேயே குண்டு வைக்கிறாள். 2017-இல் ஒளிபரப்பான பகுதி அது. அவள் தலைவிதி முடிவானது 2020-இல் வந்த சீசனில். அந்த ஏமாற்றின் ஒவ்வொரு படியும் மனத்தில் பசுமையாக இருந்தால்தான் அவள் சிறையில் வாயைத் திறக்க மறுப்பதன் வலி புரியும்.

காதல் கதைக்கு இடைவெளி விடுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். துப்பறியும் கதை நினைவை நம்பி நிற்பது. ஒருத்தி கையுறையைக் கழற்றி வைத்த இடம், ஒரு கோப்பில் கிழிந்திருந்த பக்கம், போகிற போக்கில் ஒருவன் உதிர்த்த பெயர் இவையெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கின்றன. அதிலும் காலகட்டக் கதை என்றால் பெரிய முடிவு முதலிலேயே தெரியும். ஹிட்லர் வரப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இருட்டு கவியும்போது இந்தச் சின்ன மனிதர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதற்காக அல்லவா உட்கார்ந்து பார்க்கிறோம்? அந்த மனிதர்களையே மறக்கடித்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

தொடர் எடுத்தவர்கள் பக்கத்துக் காரணங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதல் இரண்டு சீசன்களுக்கே ஏறத்தாழ 4 கோடி யூரோ செலவானது. பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில் பழைய பெர்லின் தெருக்களையே கட்டி எழுப்பினார்கள். நடுவில் பெருந்தொற்று வந்தது. கூட்டாகத் தயாரித்த ஸ்கை நிறுவனம், ஜெர்மனியில் சொந்தமாக நாடகத் தொடர்கள் எடுப்பதையே நிறுத்தப் போவதாக 2023-இல் அறிவித்தது. பொதுத் தொலைக்காட்சியான ஏஆர்டி கைவிடாமல் தாங்கியது. 2024-இல்தான் ஐந்தாவது சீசன் உண்டு, அதுவே கடைசி, கதை 1933-இல் நடக்கும் என்று உறுதியான செய்தி கிடைத்தது. அன்று அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். தெரு கட்டிய தச்சர் மீதும், உடை தைத்தவர் மீதும், மூன்று இயக்குநர்கள் மீதும் எனக்குக் கோபமே இல்லை.

கோபமெல்லாம் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் மீது. நாங்கள் காசு கட்டிப் பார்த்த ஓடிடி சேவை, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பழைய சீசன்களை எடுத்துவிட்டது. புதியது வருவதற்குள் முதலிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை திறந்தால் அந்த இடமே காலி. தேடினால் “இதைப் போன்ற பிற தொடர்கள்” என்று எதையெதையோ நீட்டுகிறது. போன் செய்தேன். உரிமம் முடிந்துவிட்டதாம். வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் தெரியாதாம். திரும்ப வருமா என்றால் அதுவும் தெரியாதாம். மாதம் தவறாமல் பணம் எடுக்கத் தெரிகிறது. ஒரு வாரம் முன்னால் “இந்தத் தொடர் நீங்கப் போகிறது” என்று ஒரு வரி அனுப்பத் தெரியாதா?

‘விரைவில்’ என்கிற சொல்லைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓடிடி பக்கங்களில் எந்தத் தொடரின் படத்தின் மீதும் அதை ஒட்டிவிடுகிறார்கள். விரைவில் என்றால் எப்போது? நாளையா, தீபாவளிக்கா, அடுத்த தேர்தலுக்கா? தேதி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று போடுங்கள். தாங்குவோம். சொல்லைப் பொய்யாக்காதீர்கள்.

காத்திருந்தாலும் கடைசியில் கிடைக்குமா என்கிற பயம் வேறு. 1930-களின் லாஸ் ஏஞ்சலஸை அப்படியே எழுப்பிக் காட்டிய ‘பெர்ரி மேசன்’ முதல் சீசன் 2020-இல் வந்தது. இரண்டாவதுக்கு 2023 வரை காத்திருந்தேன். அது முடிந்த சில வாரங்களில் ரத்து என்று செய்தி வந்தது. பழைய காலத்தைக் கட்டி எழுப்பக் காசு அதிகம் ஆகிறது என்பதால் கணக்குப் பார்ப்பவர்களின் கத்திரி முதலில் இந்தக் கதைகள் மீதுதான் விழுகிறது.

பெர்லின் போலீசாரிடம் ஒரு வழக்குச் சொல் உண்டு. துப்புத் துலங்காமல் அலமாரியில் கிடக்கும் வழக்கை ‘நனைந்த மீன்’ என்பார்கள். இந்தத் தொடருக்கு மூலமான ஃபோல்கர் குட்ஷரின் முதல் நாவலுக்குப் பெயரே அதுதான். எங்களையும் அப்படித்தான் அலமாரியில் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நான்காவது சீசன் வரை ஆங்கில சப்டைட்டிலைத் தானே படித்தவர். இனி நான்தான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடியும். அதில் எனக்குக் கஷ்டமே இல்லை, ஓர் இரவில் ஓர் அத்தியாயம் என்றாலும் சொல்லுவேன். போன வாரம் சாப்பிடும்போது, “அந்தத் தட்டச்சுப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாயிற்றா?” என்று கேட்டார். ஆனதா, இல்லையா? எனக்கே உறுதியாகச் சொல்ல வரவில்லை. திறந்து பார்த்துச் சொல்லலாம் என்றால் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது.