அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தவறு?

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பாராட்டு விழாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நகரத் திட்டமிடலில் முதுமானி செய்ய ஆசை என்று அந்தப் பிள்ளை மேடையில் சொன்னதும், "நமக்கு எதுக்கும்மா டவுன் கட்டுற படிப்பு, டீச்சிங் எடு" என்றார்களே, அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அதற்கு மண்டபமே கைதட்டியது. இரண்டு நாளாக அதைத்தான் விழுங்க முடியவில்லை.

நானும் அதே படிப்பைத்தான் படித்தேன். அது டவுன் கட்டுகிற படிப்பு இல்லை. வீட்டைக் கட்ட பொறியியலாளரும் மேசனும் இருக்கிறார்கள். அந்த வீடு எந்தச் சரிவில் வரலாம், எதில் வரவே கூடாது, தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு எந்த வழியால் கொண்டுபோவது, இவ்வளவையும் முன்கூட்டியே யோசிப்பதுதான் திட்டமிடல். மலையகத்தில் இது நமக்கு வேண்டாமா? நமக்குத்தானே முதலில் வேண்டும்!

என் ஆய்வுக்காக ஓர் அலுவலகத்தில் எங்கள் பகுதியின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தேன். பங்களா இருந்தது. ஃபெக்டரி இருந்தது. நான் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை. தேயிலை என்று அர்த்தம். 10 காம்பரா, 43 பேர், தண்ணீருக்கு ஒரு பீலி, இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் என் அம்மாயி, எல்லோர் மேலும் பச்சை பூசியிருந்தது. பென்சிலை எடுத்து அந்த இடத்தில் சின்னதாக ஒரு நீள்சதுரம் போட்டேன். "மெப்ல கீறாதீங்க மிஸ்" என்றார் அங்கிருந்தவர். அழித்துவிட்டேன். ரப்பர் தூளை ஊதிவிட்டு பஸ்ஸில் ஏறி, கொட்டகலை வரும்வரை யாரோடும் பேசவில்லை.

வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு ரோடு வராது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். அது திருத்தப்பட்டது 2018இல். முப்பது வருஷம்! சட்டம் மாறியது சரி. அந்தச் சபையில் உட்கார்ந்து எந்த லயத்துக்கு எந்த வழியாக ரோடு போகலாம் என்று வரைந்து காட்ட நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதை மறந்துவிட்டோமா? 2014 அக்டோபர் 29, காலை நேரம். பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள், வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. ஜனங்களை எங்கே, எப்படிக் குடியமர்த்துவது என்பதைத்தான் யாரும் செய்து முடிக்கவில்லை. அதைச் செய்யப் படிக்கிற படிப்பை வேண்டாம் என்றதற்குத்தான் கைதட்டினீர்கள்.

"வேலை கிடைக்குமா அக்கா?" என்று இன்பொக்ஸில் கேட்டவர்களுக்கு: நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் போன்ற இடங்களில் திட்டமிடலாளர் பதவிகள் இருக்கின்றன. நியமனத்தை யாரும் கையில் தர மாட்டார்கள், போட்டி போட வேண்டும். "படித்துவிட்டு வெளிநாடு போய்விடுவார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. டொக்டரிடம் இதைக் கேட்டீர்களா?

டீச்சிங்கை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, என் அக்கா டீச்சர். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். நம் சமூகத்தைத் தூக்கிவிட்டதே டீச்சர்மார்தான், அதை நான் மறப்பேனா? ஆனால் அந்த ஒரு கதவு மட்டும் போதும் என்று இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது?

எனக்குப் பல்கலைக்கழகத் தெரிவுக் கடிதம் வந்தபோது அது தோட்ட ஒஃபீஸ் அலமாரியில் 11 நாள் கிடந்தது. எங்கள் லயத்துக்கு முகவரி கிடையாது. அப்பா வேறு காரியமாகப் போனவர் தற்செயலாகப் பார்த்தார், நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தார். பதிவு முடிய 2 நாள்தான் இருந்தது. அப்பா போகாமல் இருந்திருந்தால்? வீட்டுக்கு ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், இதுவும் திட்டமிடல்தான். இதைச் சொன்னால் "பழசைக் கிளறாதே" என்கிறார்கள். பழசு இல்லை, இன்றைக்கும் எங்கள் லயத்துக்குக் கடிதம் ஒஃபீஸ் வழியாகத்தான் வருகிறது.

தங்கச்சி, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடலுக்குத் தனித் துறையே இருக்கிறது, முதுமானியும் உண்டு. நீ படித்த புவியியல் இதற்கு நல்ல அடித்தளம். படிப்பு ஆங்கிலத்தில், செலவும் உண்டு, அதைப் பேசிக்கொள்வோம். சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். சான்றிதழோடு வா. வரும்போது உங்கள் லயத்தை ஒரு தாளில் கீறிக்கொண்டு வா, பீலி, கான், ரோட்டுக்கு எத்தனை படி, எல்லாம் போட்டு. பென்சில் வேண்டாம். பேனாவால் கீறு.