ஆயாவுக்குக் குடவோலை தெரியாதாம்

எங்கள் ஊர்க் குடவோலைத் தேர்தல் பற்றி ஒரு தம்பி எடுத்த அந்த வீடியோவை நேற்றிலிருந்து மாற்றி மாற்றி எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "உங்க ஊர் சார், பெருமையா இருக்கு" என்று வேறு எழுதுகிறீர்கள். உத்திரமேரூர்க்காரன் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் புல்லுக்கட்டோடு போன ஆயாவை நிறுத்தி, "குடவோலைன்னா என்னான்னு தெரியுமா பாட்டி?" என்று கேட்டு, அவர் "தெரியாதுப்பா" என்று சிரித்ததும் பின்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டாரே அந்தத் தம்பி, அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சொந்த ஊர் வரலாறே தெரியாத மக்கள்" என்று தலைப்பு வேறு.

எந்த வரலாறு தம்பி?

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க முப்பது குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, இதையெல்லாம் அழகாகச் சொன்னீர்கள். யார் பேர் அந்தக் குடத்துக்குள் போகும் என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்குக் குறையாமல் 70ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் சபை. ஆயாவின் முன்னோர் ஒருவர் பேர்கூட அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. விழாத குடத்தை அவர் எதற்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

"சாதியை இழுக்காதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நான் எங்கே இழுத்தேன்? கல்லில் இருப்பதைப் படித்தேன்.

"அப்போ கல்வெட்டு பெருமையில்லையா?" பெருமைதான், யார் இல்லை என்றது? பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த ஊர். அந்த ஒரு விதியை மட்டும் யாரும் மேடையில் சத்தமாகப் படிப்பதில்லை, என்ன காரணமோ. கழுதை மேல் ஏறினவனும் நிற்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அது இன்றைக்கு யாருக்கும் சிக்கல் இல்லை.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். அதற்கப்புறம் கேமராவோடு வருகிறவர்கள் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஏரியை எட்டிப் பார்ப்பதில்லை. அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட ஒரு குழு வருகிறதே, எந்த ஏரிக்கு என்று யாராவது கேட்டார்களா? பல்லவர் காலத்து வைரமேக தடாகம். செய்யாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி. அது இல்லாமல் நெல் ஏது, சபை ஏது?

அந்த ஆறு பேரா மண்வெட்டி பிடித்தார்கள்?

ஆயாவின் வீட்டுக்காரர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குப் பங்கிட்டு விடுகிறவர். அறுவடையானால் களத்தில் நெல்லாகக் கூலி வாங்குவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது, விடிவதற்கு முன்னால் வாசலில் நின்று என் தாத்தாவிடம், "நாளிக்கு உங்க மடைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னால் சொன்னதுதான். என் தாத்தாவே ஒரு வார்த்தை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகும் எந்த மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்கு எத்தனை நாளில் பாயும் என்று ஆயாவுக்குத் தெரியும். 2015 மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் போன ராத்திரி, கரையில் எந்த இடம் கசியும், மணல் மூட்டையை எங்கே அடுக்க வேண்டும் என்று டார்ச்சை அடித்துக் காட்டியது இந்த ஆயாதான். இதையெல்லாம் கேட்டிருந்தால் உங்கள் வீடியோ இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும் தம்பி.

"சின்னப் பையன், ஆர்வத்தில் செய்துட்டான், விடுங்க" என்கிறார் ஒரு நண்பர். விட மாட்டேன். ஆர்வம் இருப்பவன் அந்த 'டொய்ங்'கைப் போட மாட்டான்.

"நீ மட்டும் என்ன கிழித்தாய்?" இதைக் கேட்கத்தான் செய்வீர்கள். அந்த 2015 ராத்திரி நான் தாம்பரத்தில் மொட்டை மாடியில் நின்று போனுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்பே எங்கள் கழனியை அப்பா விற்றுவிட்டார். விற்கச் சொன்னவன் நான். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்ட மேட்டு நிலத்தில் இப்போது மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு ஒரு சோழ ராஜாவின் பெயர். அந்த விளம்பரப் பலகையிலும் குடவோலைப் படம் போட்டிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி ஆயாவின் பேரன் போனுக்குக் கூப்பிட்டேன். அவன் ஆயாவிடம் கொடுத்தான். என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டியா ஆயா?" என்றேன்.

"சாப்ட்டேன் கண்ணு. ஒரு புள்ள வந்து என்னைப் படம் புடிச்சிட்டுப் போச்சே, வந்துச்சா? புல்லுக்கட்டோட நின்னேன், நல்லா இருந்துச்சா?"

இன்னும் வரலை ஆயா என்று சொல்லிவிட்டேன். யாரும் அவருக்கு அதை அனுப்பிவிடாதீர்கள்.